கிண்ணம் நிறையத் தினை இருந்தும் சாப்பிடாத பட்ஜி: காத்திருக்கலாமா?

கேள்வி: ஜனவரி 6, மாலை 6.50

முதன்முறையாக ஒரு பறவையை வளர்க்கிறேன். பட்ஜி என்னும் நீல நிறச் சிறுகிளி ஒன்று வீட்டுக்கு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. முதல் நாள் போட்ட தினை கிண்ணத்தில் அப்படியே நிறைந்திருக்கிறது, தொட்டதாகவே தெரியவில்லை. கூண்டின் பின்மூலையில் இறகுகளை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் அருகில் சென்றால் மட்டும் விறைத்து நிமிர்கிறது. புது இடம் என்பதால் பயம், இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

ஜனவரி 6, இரவு 7.45

காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் எழுந்து சென்று, கிண்ணத்தை வெளியே எடுத்து, மேற்பரப்பில் மெதுவாக ஊதிப் பாருங்கள். பட்ஜி தானியத்தை முழுதாக விழுங்குவதில்லை. ஒவ்வொரு மணியையும் அலகுக்குள் நாக்கால் உருட்டி, உமியைப் பிளந்து உதிர்த்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் உண்கிறது. அந்த உமி பெரும்பாலும் கிண்ணத்திலேயே விழுவதால், சில நாள்களில் உமி மட்டுமே சேர்ந்து, பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதைப் போலவே தோன்றும். நிறமும் வடிவமும் ஒத்திருப்பதால் எட்டி நின்று பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

எனக்கு இது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். என் பட்ஜி முத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, பயத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று வருந்திக்கொண்டே தண்ணீர் மாற்றுவதற்காகக் கூண்டைத் திறந்தேன். அது சிறகடித்த வேகத்தில் கிண்ணத்திலிருந்து வெளிறிய செதில்கள் எழும்பி மேசையெங்கும் பரவின. விரலை விட்டுத் துழாவினேன். அடியில் ஒன்பது மணிகள் இருந்தன. எண்ணிப் பார்த்ததால் இன்றுவரை நினைவிருக்கிறது. முந்தைய நாள் முழுவதும் அது பசியோடு இருந்திருக்க வேண்டும். நானோ நிறைந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஜனவரி 6, இரவு 7.58

ஒன்று விட்டுப்போயிற்று. புதிய தினையைக் கிண்ணத்தில் மட்டும் வைக்காமல், ஒரு தட்டையான தட்டில் பரப்பிக் கூண்டின் தரையிலும் வையுங்கள். பட்ஜி இயல்பாகவே தரையில் மேய்ந்து உண்ணும் பறவை. புதிய கூண்டில் கிண்ணம் எங்கே இருக்கிறது என்பதே சில பறவைகளுக்குப் பிடிபடாது. இன்று ஒருநாள் மட்டும் விளக்கை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக எரியவிடுங்கள். இருட்டில் அது சாப்பிடாது.

ஜனவரி 7, காலை 6.30

ஊதியதும் கிண்ணம் காலியாகிவிட்டது என்றும், தட்டை வைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியேறிய பின் இருபது நிமிடம் தொடர்ந்து கொறிக்கும் சத்தம் கேட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தூங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி, அது உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி. பயந்த பட்ஜி உப்பாது. இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கிக்கொண்டு, மெலிந்து நீண்டு, கண்ணை அகல விரித்து அசையாமல் நிற்கும். உப்புவது உடல் வெப்பத்தைக் காப்பதற்காக. தூங்கும்போதும் குளிரும்போதும் சிறிது உப்புவது இயல்புதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் மணிக்கணக்கில் பந்து போல இருந்தால், அது பட்டினியாகவோ நோயாகவோ இருக்கலாம். நீங்கள் அருகில் சென்றதும் நிமிர்ந்தது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி. இவ்வளவு சிறிய பறவைகள் தங்கள் தளர்ச்சியைப் பிறர் முன்னிலையில் மறைக்கும். ஆள் வந்தால் நிமிர்ந்து நலமாக இருப்பதாகக் காட்டும், ஆள் போனதும் மறுபடி சோர்ந்துவிடும். எனவே அறைக்கு வெளியே நின்று, அது உங்களைப் பார்க்காத நேரத்தில் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, குச்சியில் உட்காராமல் தரையிலேயே கிடந்தாலோ, எச்சம் இல்லாமலே போனாலோ, பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும்.

ஜனவரி 7, இரவு 9.10

இன்று முழுவதும் உப்பவில்லை, இரண்டு முறை கத்தியது என்ற செய்தி மகிழ்ச்சி தருகிறது. பட்டினிதான் காரணம் என்று இப்போது ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். ஏன் என்று பின்னர் எழுதுகிறேன்.

ஜனவரி 10, மாலை 5.00

இன்னொரு வாசகர், 'லவ் பேர்ட்ஸுக்கு இவ்வளவு கவனிப்பு தேவையில்லை, அவை தாமே வளரும்' என்று எழுதியிருக்கிறார். பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று அழைப்பது உண்மையில் பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி, என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. மெய்யான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, கட்டைவாலும் பெரிய அலகும் கொண்டவை, வேறு பேரினம். பட்ஜிக்கு நீண்ட வாலும், முதுகில் அலையலையான கருங்கோடுகளும் உண்டு. பேச்சுவழக்கில் எப்படி அழைத்தாலும் பாதகமில்லை. ஆனால் உணவையும் நோயையும் பற்றித் தேடிப் படிக்கும்போது பெயர் மாறினால் குறிப்பும் மாறிவிடும்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில், மழை பெய்த திசையைத் தேடிப் பெருங்கூட்டமாக அலையும் பறவை அது. 1805-இல் ஜார்ஜ் ஷா அதற்கு அறிவியல் பெயரிட்டார். 1840-இல் ஜான் கூல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். காட்டில் அதன் நிறம் பச்சையும் மஞ்சளும்தான். உங்களுடையதைப் போன்ற நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் கூண்டு வளர்ப்பில் மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. நிறம் மாறியிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது அதே கூட்டப் பறவைதான். கூட்டத்தில் தளர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு குறிவைக்கும். அதனால்தான் அது மறைக்கிறது. 'தாமே வளரும்' என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அவை துன்பத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

ஜனவரி 15, காலை 7.15

கையில் எடுத்துப் பழக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்து எடுக்க வேண்டாம். இதில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முத்து வந்த இரண்டாம் வாரம், யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு துணியைப் போர்த்திக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். பிடித்தால் பழகிவிடும் என்றார்கள். அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அந்தச் சின்ன இதயம் துடித்தது என் உள்ளங்கைக்குத் தனித்தனித் துடிப்பாகத் தெரியவில்லை, ஒரே அதிர்வாகத்தான் தெரிந்தது. அதற்குப் பின் ஐந்து வாரம் என் கை கூண்டுக்குள் நுழைந்தாலே எதிர்ப்பக்கக் கம்பியில் போய் மோதிக்கொண்டது.

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பும் விலாவும் முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், கழுத்தைத் தொடாமலேயே மூச்சு நின்றுவிடும். மருந்து கொடுப்பது போன்ற தவிர்க்க முடியாத நேரங்களில், தலையின் இருபுறமும் இரண்டு விரல்களால் தாங்கி, மார்பின் மீது அழுத்தமே இல்லாமல் பிடிக்க வேண்டும். அதையும் மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு செய்வதே நல்லது.

பழக்குவதற்கு எனக்குப் பயன்பட்டது வேறு. தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், ஏதாவது ஒன்றைத் தாழ்ந்த குரலில் வாய்விட்டுப் படித்தேன். இருகண்ணாலும் நேராக உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை என்பதால், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு வாரம் கழித்து, கையைக் கூண்டின் வெளிப்புறத்தில் அசையாமல் வைத்தேன். அடுத்த வாரம் கம்பி இடைவெளியில் தினைக்கதிரின் நுனியை நீட்டினேன். முத்து கழுத்தை மட்டும் ரப்பரைப் போல நீட்டி, ஒரு மணியைக் கொத்திக்கொண்டு உடனே பின்வாங்கியது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றில் விரலால் மிக லேசாகத் தொட்டால் தானாக ஏறும் என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நாள் வருவதற்கு எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

ஜனவரி 15, இரவு 10.20

காலையில் 'மூன்று மாதங்கள்' என்று எழுதியதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அதில் ஐந்து வாரம் நான் பிடித்து வைத்ததற்கான தண்டனை. உங்கள் பறவையை நீங்கள் இன்னும் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. அது பெரிய முதல்.

இரவில் கூண்டிலிருந்து அலகை அரைப்பது போல மெல்லிய கரகரப்பு வருகிறதே, நோயா என்று கேட்டீர்கள். இல்லை. தூங்கப் போகும் முன், மனம் அமைதியாக இருக்கும்போது அப்படி அரைக்கும். ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் மறைத்துக்கொள்வதும் அதே வகையைச் சேர்ந்தது.

பிப்ரவரி 3, மாலை 6.40

கூண்டின் படத்தைப் பார்த்தேன். கம்பிகளுக்கு இடையிலான தூரம் சரியாகவே இருக்கிறது. 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் தலையை நுழைத்துக்கொண்டு சிக்கும் அபாயம் உண்டு. உயரம் அதிகமாகவும் அகலம் குறைவாகவும் இருப்பதுதான் குறை. பட்ஜி நேர்மேலே எழும் பறவை அல்ல, கிடைமட்டமாகப் பறப்பது. அடுத்த கூண்டு வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள்.

குச்சிகள் மூன்றும் ஒரே தடிமனில், வழவழப்பாக, கடையப்பட்டவையாக இருக்கின்றன. அது நாள் முழுவதும், தூக்கத்திலும்கூட, நின்றுகொண்டே இருக்கும் உயிர். இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகப் பற்றும் அந்தப் பாதத்தின் ஒரே இடத்தில் எந்நேரமும் எடை விழுந்தால், அங்கே தோல் சிவந்து, தடித்து, புண்ணாகும். மருந்து தெளிக்கப்படாத மரத்தின் கிளைகளை நன்றாகக் கழுவி உலர்த்தி, ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கோணலாக இருப்பவற்றையே தேர்ந்தெடுத்து மாட்டுங்கள். நகத்தைத் தேய்க்கும் என்று விற்கப்படும் உப்புத்தாள் உறையிட்ட குச்சியை அகற்றிவிடுங்கள். நகம் தேய்கிறதோ இல்லையோ, பாதம் தேய்கிறது.

பிப்ரவரி 19, இரவு 8.30

தராசைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன் என்று சொல்லி ஆறு வாரம் ஆகிவிட்டது. உணவைப் பற்றிய விவாதம் இங்கே சூடாகிவிட்டதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தினையை மட்டுமே தின்று தன் பறவை எட்டு ஆண்டுகள் வாழ்ந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் விதை மட்டுமே உண்ணும் பட்ஜிக்கு வைட்டமின் ஏ, அயோடின், கால்சியம் ஆகியவை குறைந்து, கொழுப்பு மட்டும் மிகும் என்பது பறவை மருத்துவர்கள் தினமும் காணும் உண்மை. ஈரலில் கொழுப்புப் படிதலும், அயோடின் குறைவால் தைராய்டு வீங்கி மூச்சுக்குழலை அழுத்துதலும் அதன் விளைவுகள். காட்டில் அது நாளெல்லாம் பறந்து, பச்சைப் பால் பிடித்த புல்விதைகளையும் சேர்த்து மேய்கிறது. நம் வீட்டில் இரண்டடி நகர்ந்து காய்ந்த விதையை மட்டும் உண்கிறது. ஆகவே பெல்லட் என்னும் சமச்சீர் உணவையும், கீரை, துருவிய கேரட், குடைமிளகாய் போன்றவற்றையும் அன்றாட உணவில் சேர்த்து, விதையைக் குறைக்க வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஐயம் எல்லாம் வேகத்தைப் பற்றித்தான். இந்த உண்மையைப் படித்த உற்சாகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை விதைக் கிண்ணத்தை அடியோடு எடுத்துவிட்டு, பெல்லட்டை மட்டும் வைத்தேன். பசித்தால் தின்னும் என்று எண்ணினேன். மாலையில் பார்த்தபோது பெல்லட்டுகள் பொடியாகியிருந்தன. அலகில்கூட மாவு ஒட்டியிருந்தது. உண்கிறது என்று மகிழ்ந்தேன். சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலை, தரையில் விரித்திருந்த தாளை மாற்றும்போதுதான் எச்சத்தைக் கவனித்தேன். வழக்கமாக அடர்பச்சைச் சுருளும் அதன் நடுவில் வெண்மையுமாக நாற்பது, ஐம்பது கிடக்கும். அன்று பத்துக்கும் குறைவு. அவையும் கறுத்துச் சிறுத்த புள்ளிகள். முத்துவைக் கதிரைக் காட்டித் தராசில் ஏற்றினேன். வியாழக்கிழமை 36 கிராம் இருந்தது. இப்போது 32.

நான்கு கிராம் என்பது நமக்கு ஒன்றுமில்லை. 36 கிராம் பறவைக்கு அது உடலில் ஒன்பதில் ஒரு பங்கு. பத்து விழுக்காட்டு எடை குறைந்தால் ஆபத்து என்று கொள்ள வேண்டிய எல்லையை அது தாண்டியிருந்தது. ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இறகுகள் மூடியிருப்பதால் மெலிவு வெளியே தெரியாது. பொடியாக்கி உதிர்த்த பெல்லட் உண்ட பெல்லட்டைப் போலவே இருந்தது. உமி நிறைந்த கிண்ணத்திடம் ஒருமுறை ஏமாந்தவனே, மாவு நிறைந்த கிண்ணத்திடம் மறுபடியும் ஏமாந்தேன். விதையைத் திருப்பி வைத்தேன். அது தின்ற வேகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பழைய எடைக்குத் திரும்ப ஐந்து நாள்கள் ஆயின.

பிறகு மாற்றிய விதம் இது. காலையில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையும் அளந்த விதை கொடுத்தேன். இடைப்பட்ட நேரத்தில் தட்டையான தட்டில் பெல்லட்டைப் பொடித்து, அதன்மீது சிறிது தினையைத் தூவி வைத்தேன். தினையைத் தேடிக் கிளறும்போது பொடி வாயில் படும். நானும் அருகில் உட்கார்ந்து என் விரல் நுனியால் அந்தத் தட்டைக் கொத்தினேன். கூட்டப் பறவைக்கு, இன்னொருவர் உண்பதைப் பார்ப்பதே நம்பிக்கை. தினமும் காலையில் உணவுக்கு முன் எடை பார்த்துத் தாளில் குறித்தேன். ஒரு கிராம் குறைந்தால் அந்த வாரம் விதையைக் குறைக்கவில்லை. பதினொரு வாரங்கள் ஆயின. அதில் ஒரு வாரத்தைக்கூடக் குறைத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, காலை 6.50

நேற்றைய குறிப்பில் விட்டவை. அவகாடோவை எந்த அளவிலும் தரக்கூடாது. சாக்லேட், காபி, தேநீர், மது, உப்பிட்ட தின்பண்டம் ஆகியவையும் அப்படியே. ஆப்பிளின் சதையைத் தரலாம். விதையை நீக்கிவிட வேண்டும். கால்சியத்துக்குக் கடல்நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓட்டைக் கம்பியில் மாட்டினால் போதும்.

மணல் கொடுக்க வேண்டாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். புறாவைப் போல உமியோடு விழுங்கும் பறவைகளுக்குத்தான் கல் தேவை. பட்ஜி உரித்து உண்பதால் தேவையில்லை. சுகமில்லாதபோது அளவுமீறித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும் பறவைகளும் உண்டு.

மார்ச் 12, இரவு 9.00

கூண்டைச் சமையலறைக்கு மாற்றலாமா, அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் காலியாக அடுப்பில் இருந்து அளவுமீறிச் சூடேறினால், சுமார் 260, 280 பாகை செல்சியஸுக்கு மேல், அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் புகை நமக்கு நெடிகூடத் தெரியாமல் பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து, மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். நீண்டதூரம் பறப்பதற்கான அந்தத் திறமையே நச்சுக்காற்றில் அதற்குக் கேடாகிறது. நான் அத்தகைய பாத்திரங்கள் அனைத்தையும் வீட்டிலிருந்தே அகற்றிவிட்டேன். வாசனைத் தெளிப்பான்கள், சிகரெட், வாசனை மெழுகுவத்தி, அறையை அடைக்கும் எந்தப் புகையும் வேண்டாம்.

வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்துவது மட்டும் போதாது. சுவரில் உள்ள சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள். புழுக்கத்தில் நம் கை தன்போக்கில் அதைத் தட்டிவிடும். கண்ணாடிச் சன்னலுக்குத் திரையிடுங்கள். நீர் நிரம்பிய வாளியை மூடுங்கள்.

ஏப்ரல் 5, மாலை 4.30

தனியாக இருக்கிறதே என்று கண்ணாடி ஒன்றைத் தொங்கவிடலாமா என்று கேட்டவருக்கு, பிப்ரவரியில் 'தொங்கவிடுங்கள், விளையாடும்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். முத்துவின் கூண்டில் கண்ணாடி இருந்த காலத்தில், அது பகல் முழுவதும் அதன் முன்னால் நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டி, அரைபட்ட தானியத்தைத் தொண்டையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு ஊட்ட முயன்றது. ஊட்டிய தானியம் கண்ணாடியில் வழிந்து காய்ந்திருந்தது. அன்று அதைப் பார்த்து நான் சிரித்தேன். இப்போது நினைத்தால், பதில் சொல்லாத ஒரு துணைக்கு அது நாள்தோறும் உணவூட்டிக்கொண்டிருந்தது என்றுதான் படுகிறது. எடுத்த பின் ஒரு வாரம் அந்த இடத்தையே சுற்றியது. பிறகு என் குரலுக்குப் பதில் கொடுக்கத் தொடங்கியது.

உண்மையான துணை இன்னொரு பட்ஜிதான். நாள் முழுவதும் வீட்டில் ஆள் இல்லையென்றால் அதைப் பற்றி யோசியுங்கள். புதிதாக வரும் பறவையைக் குறைந்தது முப்பது நாள்கள் வேறு அறையில், வேறு கிண்ணங்களோடு வைத்து, பழைய பறவையைக் கவனித்த பிறகே புதியதைக் கவனித்துக் கை கழுவ வேண்டும். கிளிகளுக்கு வரும் சிட்டகோசிஸ் என்னும் தொற்று மனிதருக்கும் பரவக்கூடியது. காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுப்பதாலேயே வரலாம். அதனால்தான் நான் தாளை நீர் தெளித்து நனைத்த பிறகே சுருட்டுகிறேன்.

மே 22, இரவு 8.10

உங்கள் பறவை எப்போது பேசும் என்று கேட்டிருக்கிறீர்கள். பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்களை அறிந்திருந்ததாக கின்னஸ் பதிவில் இருக்கிறது. அது 1994-இல் இறந்தது. ஆண்களே எளிதாகப் பேசும். பெண்கள் அரிதாகச் சில சொற்களைக் கற்கும்.

இதைச் சொல்லும்போது என் கதையையும் சொல்ல வேண்டும். அலகுக்கு மேல், நாசித்துளைகள் இருக்கும் தடித்த தோல் வளர்ந்த ஆணுக்கு அடர்நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பாக இருக்கும். முத்துவுக்கு வந்த புதிதில் வெளிர்நீலம். ஆண் என்று முடிவு செய்து, ஐந்து மாதம் தினமும் காலை 'முத்து வா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாதம் அந்த நீலம் மெல்ல மாறி, ஒரு வாரத்தில் பழுப்பேறி, சொரசொரப்பாகத் தடித்தது. ஆணின் நாசித்தோல் பழுப்பானால் விந்தகத்தில் கட்டி இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் மருத்துவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பறவை வந்த நாளில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். கைபேசியில் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டி, 'நாசித்துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா?' என்றார். வெளிர்நீலமும் வெள்ளை வளையமும் இளம்பெண்ணின் அடையாளம். முத்து எப்போதும் பெண்தான். இப்போது முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் படத்தில் வளையம் இல்லை, அடர்நீலம். பேசக்கூடும். அருகில் சென்று ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லி வாருங்கள்.

மே 23, காலை 7.00

நேற்று எழுதியதன் தொடர்ச்சியை மற்ற வாசகர் ஒருவர் கேட்டிருப்பதால் சொல்கிறேன். ஆம், முத்து முட்டையிட்டது. ஆண் இல்லாமலேயே இடும்; அவை பொரிக்காது. நீண்ட வெளிச்சம், நிறைந்த உணவு, இருண்ட பொந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் உடல் தயாராகிவிடும். புத்தக அலமாரியின் பின்னால் அது நுழைந்து நுழைந்து வந்ததை விளையாட்டு என்று விட்டுவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முட்டைகள் வந்தன. உடனுக்குடன் எடுத்தால் இழப்பை ஈடுசெய்ய மேலும் இடும் என்று மருத்துவர் சொன்னதால், அது தானாகச் சலித்து விலகும்வரை, ஏறத்தாழ மூன்று வாரம், விட்டுவைத்தேன். அதன் பிறகு அலமாரி இடுக்கை அடைத்து, இரவு பன்னிரண்டு மணி நேரம் இருட்டாக்கினேன். மறுமுறை வரவில்லை.

பெண் பட்ஜி தரையில் கால்களை அகற்றி உட்கார்ந்து, வால் ஆட முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான இடத்தில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மறுநாள் காலைவரை அது தாங்காமல் போகலாம்.

ஜூலை 9, மாலை 6.15

தலையில் முள் முளைத்திருக்கிறது என்ற உங்கள் பதற்றமான குறிப்பைப் பார்த்தேன். இறகு உதிர்ந்து புதியது முளைக்கிறது. உறையோடு வருவதால் முள்ளாகத் தெரிகிறது. அதைப் பிய்க்காதீர்கள், வெட்டாதீர்கள். வளரும் இறகின் அடியில் இரத்தம் ஓடும். ஆழமில்லாத தட்டில் நீர் வையுங்கள், உறை இளகும்.

ஜூலை 11, காலை 6.40

திருத்தம். அலகோரத்திலும் கண்ணைச் சுற்றியும் தேன்கூட்டைப் போல நுண்துளைகளோடு வெள்ளைப் படிவம் இருந்தால், அது இறகு முளை அல்ல, முகச் செதில் உண்ணி. இரண்டும் ஒன்றல்ல என்று முந்தைய குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டினால், எடைக்கேற்ற மருந்தில் முழுதாகக் குணமாகும். அதற்கும் அந்தத் தராசு எண்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 17, காலை 7.30

எடை 37 கிராம், ஏழு வாரமாக மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று தானாகத் தோளில் வந்து உட்கார்ந்து காதோரம் ஏதோ முணுமுணுத்தது என்பதையும் இரண்டு முறை படித்தேன். சொல் புரியாவிட்டாலும் அப்படித்தான் தொடங்கும்.

இப்போது பெல்லட்டும் உண்கிறதே, இன்னும் தினமும் கிண்ணத்தை ஊத வேண்டுமா என்ற கேள்விக்கு: விதை வைக்கும் நாள்களில் எல்லாம் ஊதுங்கள். நான் ஒருநாளும் தவறியதில்லை. கூண்டிலிருந்து நான்கடி தள்ளி, சன்னலருகே நின்று ஊதுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் முத்து மேல்குச்சியிலிருந்து கம்பி வழியே அலகால் பற்றிப் பற்றி இறங்கி வந்து, கிண்ணம் மாட்டும் வளையத்தின் அருகே தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கும். இன்று காலையும் அங்கேதான் நின்றது.